நடுவுல அந்த ரெண்டு எங்கருந்து வந்துச்சு? கன எண்களை காரணிப்படுத்த படிச்ச ஒரு பையனோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை திருநகர்ல எங்க வீட்டு மொட்டை மாடில சாயங்காலம் ஆறரைல இருந்து எட்டு வரைக்கும் ஒன்பதாம் வகுப்பு பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்குறேன். போன வருசம் 11 பேர் வந்தாங்க, பாதிப்பேர் தமிழ் மீடியம், பாதிப்பேர் இங்கிலீஷ் மீடியம், அதனால 'காரணிப்படுத்து'ன்னும் சொல்லுவேன் 'ஃபேக்டரைஸ் பண்ணு'ன்னும் சொல்லுவேன், ரெண்டும் கலந்துதான் ஓடும், ஒரு கோவையை பெருக்கலா உடைச்சு எழுதுறதுதான் அது. இதுல முக்கியமா எழுதப்போறது ஒரு பையனைப் பத்தி. அவன்கிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன், பேரு போடல. பக்கத்துல விளாச்சேரிக்காரன், கொலு பொம்மையும் பிள்ளையார் சிலையும் செய்யிற ஊரு, இவங்க வீட்லயும் அதே வேலைதான். பையனுக்கு கையெழுத்து முத்து முத்தா இருக்கும், படம் வரைஞ்சா நோட்டை மூடவே மனசு வராது, ஆனா அல்ஜிப்ரான்னா மட்டும் முகம் சுருங்கிரும்.

கணக்கை எழுதுறப்ப ஏ, பி, எக்ஸ்னு தமிழ்லயே அடிச்சிருக்கேன், சேர்த்து படிச்சுக்கோங்க.

விசயம் இந்த ரெண்டு முற்றொருமைதான், அதாவது எந்த எண்ணைப் போட்டாலும் ரெண்டு பக்கமும் சமமா வர்ற ஃபார்முலா:

ஏ³ − பி³ = (ஏ − பி)(ஏ² + ஏபி + பி²)
ஏ³ + பி³ = (ஏ + பி)(ஏ² − ஏபி + பி²)

எட்டாம் வகுப்புலயே (ஏ + பி)³ விரிவு வந்துருது, ஒன்பதாம் வகுப்புல இந்த ரெண்டும் வருது, அதே பாடத்துல காரணித் தேற்றமும் தொகுமுறை வகுத்தலும் (எக்ஸுக்கு முன்னாடி நிக்கிற எண்களை, அதாவது கெழுக்களை மட்டும் வச்சு வகுக்குற குறுக்கு வழி) வருது. பத்தாம் வகுப்புக்கு போனா விகிதமுறு கோவைகளை (மேலயும் கீழயும் எக்ஸ் வர்ற பின்னம்) சுருக்கச் சொல்றப்ப இது தெரியலன்னா கை நின்னுரும். அதனாலதான் இதை நல்லா ஏத்தி அனுப்பணும்னு எனக்கு ஒரு பிடிவாதம்.

முதல் தடவை நான் எப்படி நடத்துனேன்

ஜூலை கடைசி வாரம். ஸ்கூல்ல இந்தப் பகுதியை முடிச்சுட்டாங்க, பசங்க வீட்டுக் கணக்கோட வந்து நின்னாங்க. நான் போர்டுல ரெண்டு ஃபார்முலாவையும் எழுதி, குறி மாறாம இருக்க 'சேம், ஆப்போசிட், ஆல்வேஸ் பாசிட்டிவ்'னு சொல்லிக் குடுத்தேன். அதாவது முதல் குறி கேள்வில இருக்குற அதே குறி, ரெண்டாவது அதுக்கு எதிர்க்குறி, மூணாவது எப்பவும் ப்ளஸ். நாலு கணக்கு போட்டுக் காட்டுனேன், எல்லாரும் ஒரே குரல்ல ஒப்பிச்சாங்க, ஒரே சாயங்காலத்துல முடிஞ்சுதுன்னு நினைச்சு மறுநாள் அடுத்த பகுதிக்கு போயிட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமை எட்டு கணக்கு வச்சு ஒரு டெஸ்ட் வச்சேன். பேப்பர் திருத்துனப்பதான் உண்மை தெரிஞ்சுது.

பேப்பர்ல பார்த்தது

முதல்ல கண்ணுல பட்டது, குறி எல்லாம் கிட்டத்தட்ட சரியா இருந்துச்சு. குறி சரியா இருந்ததாலயே மத்த தப்பு மேலோட்டமா பார்த்தா தெரியாது, நானே ரெண்டு பேப்பருக்கு டிக் போட்டுட்டு திரும்ப அடிச்சேன்.

ஆறு பேர் நடு உறுப்பை ரெண்டு மடங்கா எழுதியிருந்தாங்க. எக்ஸ்³ − 8-க்கு (எக்ஸ் − 2)(எக்ஸ்² + 4எக்ஸ் + 4). சரியான விடை (எக்ஸ் − 2)(எக்ஸ்² + 2எக்ஸ் + 4). நாலு பேருக்கு கனமூலமே (எந்த எண்ணை மூணு தடவை போட்டுப் பெருக்குனா அது வரும்ங்கிறது) தப்பு, 27எக்ஸ்³ + 64-ல 27-க்கு 9, 64-க்கு 8. ஒன்பது மூணு இருபத்தேழு, எட்டெட்டு அறுபத்து நாலு, வாய்ப்பாட்டுல எது முதல்ல வாயில வந்துச்சோ அது. 3, 4 எடுத்தாத்தான் (3எக்ஸ் + 4)(9எக்ஸ்² − 12எக்ஸ் + 16) வரும். ஒரு புள்ள எக்ஸ்³ − 8-ஐ நேரா (எக்ஸ் − 2)³னு எழுதி முடிச்சிருச்சு. 2எக்ஸ்³ − 54-ல முதல்ல 2-ஐ வெளிய எடுக்கணும்னு ஒருத்தருக்குமே தோணல, சிலர் அதுல 2-க்கு கனமூலம் தேடி அப்படியே விட்டுட்டாங்க.

நம்ம பையன் எட்டுல ஒண்ணு சரி.

அவனை தனியா உக்கார வச்சு, "ஃபார்முலா சொல்லுடா தம்பி"ன்னேன். ஒரு எழுத்து பிசகாம சொன்னான், ஏ ஸ்கொயர் ப்ளஸ் ஏபி ப்ளஸ் பி ஸ்கொயர். "இப்ப இந்தக் கணக்கை போடு"ன்னேன். வாய் சரியா சொல்லுது, கை 4எக்ஸ்னு எழுதுது. நான் எதுவும் திருத்தாம, "இது எப்படி வந்துச்சு"ன்னு மட்டும் கேட்டேன்.

"முன்னாடியும் ஸ்கொயர், பின்னாடியும் ஸ்கொயர் இருந்தா நடுவுல ரெண்டு வருமுல்லண்ணே."

இந்த ஒரு பதிலுக்கு அப்புறம்தான் எனக்கு விளங்குச்சு, இது ஞாபக மறதி இல்ல. (ஏ + பி)² = ஏ² + 2ஏபி + பி² அவன் கையில அம்புட்டு ஆழமா பதிஞ்சிருக்கு, புது ஃபார்முலா அதுக்கு மேல ஒட்டுன பேப்பர் மாதிரி இருக்கு. நான் குடுத்த 'சேம், ஆப்போசிட்' குறியை மட்டும்தான் காப்பாத்தும், நடுவுல ஒரு ஏபியா ரெண்டு ஏபியாங்கிறதைப் பத்தி அது ஒரு வார்த்தை சொல்லாது. அதை முதல்ல குடுத்தது என் தப்பு. புரிய வைக்காம குறுக்கு வழியை கையில குடுத்துட்டேன்.

என்ன முடிவு எடுத்தேன், ஏன்

ஒரு வாரத்துக்கு ஃபார்முலாவை யாரும் சொல்லக்கூடாதுன்னு போர்டை அழிச்சேன். மனப்பாடம் வேணாம்ங்கிறதுக்காக இல்ல, கடைசில மனப்பாடமும் வேணும்தான், பரீட்சைல ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து கட்ட நேரம் கிடைக்காது. ஆனா அது எங்கருந்து வருதுன்னு கை ஒரு தடவையாவது பார்த்திருக்கணும்.

முதல் நாள் வெறும் பெருக்கல். (ஏ − பி)(ஏ² + ஏபி + பி²)-ஐ விரிச்சா ஆறு உறுப்பு வரும்:

ஏ³ + ஏ²பி + ஏபி² − ஏ²பி − ஏபி² − பி³

நடுவுல இருக்குற நாலும் ஜோடி ஜோடியா அடிபட்டு ஓரத்துல இருக்குற ரெண்டு மட்டும் நிக்கும். அப்புறம் அவங்க எழுதுன தப்பு விடையையும் அதே மாதிரி விரிக்கச் சொன்னேன், நடுவுல 2ஏபி போட்டா ஏ²பி − ஏபி² மிச்சம் நிக்குது, போகவே போகாது. நம்ம பையன் அந்த மிச்சத்தை சுத்தி வட்டம் போட்டு வச்சுக்கிட்டான். ஆனா முகத்துல தெளிவு இல்ல. அடிபடுதுங்கிறது தெரியுது, ஏன் அப்படி அமையுதுன்னு பிடிபடல.

மறுநாள்தான் மண்ணு யோசனை வந்துச்சு. அவங்க வீட்டுல இல்லாத மண்ணா, கண்மாய் மண்ணைப் பிசைஞ்சு வச்சதுல ஒரு பை கொண்டு வரச் சொன்னேன்.

மண்ணுக் கட்டி

6 சென்டிமீட்டர் பக்கம் உள்ள கனசதுரம் ஒண்ணு. ஸ்கேல் வச்சு நாலு பேர் செஞ்சாங்க, மூணு பேரோடது கோணிக்கிச்சு, இவன் செஞ்சது மட்டும் அச்சுல வார்த்த மாதிரி நின்னுச்சு, மத்த பசங்க அவனைச் சுத்தி உக்காந்துட்டாங்க. அதோட மேல் மூலைல இருந்து 2 சென்டிமீட்டர் கனசதுரத்தை நைலான் நூலால அறுத்து எடுத்தோம். 216-ல 8 போச்சு, மிச்சம் 208. இதுதான் ஏ³ − பி³, அவங்க கையில இருக்கு.

இப்ப மிச்சத்தை மூணா அறுக்கணும். சின்னக் கட்டி உக்காந்திருந்த மட்டத்துல படுக்க வச்சு அறுத்தா கீழ ஒரு பெரிய பலகை வரும், 6க்கு 6, தடிமன் 4. மேல மிஞ்சுறது 2 உயரத்துல மூலை இல்லாத ஒரு அடுக்கு. அதை இன்னொரு அறுப்பு அறுத்தா ஒரு துண்டு 6க்கு 2, தடிமன் 4. கடைசித் துண்டு 2க்கு 2, தடிமன் அதே 4. 144, 48, 16, கூட்டுனா 208.

மூணு துண்டையும் வரிசையா வச்சுட்டு நான் எதுவும் சொல்லாம இருந்தேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துட்டு, "அண்ணே, மூணுலயும் ஒரு பக்கம் மட்டும் ஒரே அளவா இருக்கு, நாலு"ன்னான். "அந்த நாலு எங்கருந்து வந்துச்சு?" "ஆறுல ரெண்டு போச்சுல்ல." அதான் (ஏ − பி). பொதுவா இருக்குறதை வெளிய எடுத்தா உள்ள நிக்கிறது 36, 12, 4. ஏ², ஏபி, பி². அப்புறம் நடுத் துண்டை கையில எடுத்துக்கிட்டு அவனே சொன்னான், "ஏபி ஒரே ஒரு துண்டுதாண்ணே இருக்கு, ரெண்டாவது துண்டு எங்கயும் இல்ல."

எனக்கு இதைச் சொல்றப்ப இப்பவும் சந்தோசமா இருக்கு, ஏன்னா நான் ஒரு வாரமா வாயால சொன்னது அந்த ஒரு மண்ணுத் துண்டு ஒரு நொடில சொல்லிருச்சு.

கூட்டலுக்கு மண்ணு அவ்வளவு சுலபமா வளையல. பெரிய கட்டி மேல சின்னக் கட்டியை மூலைல வச்சு, முழுசா 6க்கு 6, உயரம் 8 இருக்குற ஒரு பெட்டிக்குள்ள அது நிக்கிறதா நினைச்சா, பெட்டி 288, மேல காலியா இருக்குற இடம் 64, மிச்சம் 224. அந்தக் காலி இடம் பி(ஏ² − பி²), அதாவது பி(ஏ − பி)(ஏ + பி), அதனால (ஏ + பி) பொதுவா வெளிய வந்துரும், உள்ள 36 − 12 + 4 = 28, எட்டு இருபத்தெட்டு 224. கணக்கு சரிதான், ஆனா இல்லாத இடத்தை நினைச்சுப் பார்க்குறது ரெண்டு பேருக்குத்தான் ஏறுச்சு. இதை அன்னைக்கே விட்டிருக்கணும், இன்னொரு அரை மணி நேரம் இழுத்தேன், பசங்களுக்கு சலிச்சுருச்சு.

அடுத்த நாள் அவங்க அம்மா போன் பண்ணாங்க. "என்னங்க தம்பி, வீட்லதான் பூராவும் மண்ணு, அங்க வந்தும் மண்ணுதானா, பாடம் எப்ப நடத்துவீங்க?" கோவம்னு சொல்ல முடியாது, வருத்தம். பையன் இந்த வேலையை விட்டு மேல படிச்சு வரணும்னு நினைக்கிறவங்களுக்கு அப்படித்தான் தோணும், நியாயம்தான். நோட்டைக் காட்டச் சொல்லி அவன்கிட்டயே குடுத்து அனுப்புனேன். படிச்சுப் பார்த்தாங்களா தெரியாது, அதுக்கப்புறம் கேக்கல.

சரி பார்க்குறதுல வந்த சிக்கல்

விடை எழுதுனதும் எக்ஸ்-க்கு ஒரு எண்ணைப் போட்டு ரெண்டு பக்கமும் சமமா வருதான்னு பார்க்கணும்னு ஒரு விதி வச்சேன். நல்ல விதிதான், ஆனா என்ன எண்ணுன்னு நான் சொல்லல. எல்லாருக்கும் சுலபமான எண்ணு பூஜ்ஜியம். எக்ஸ்³ − 8-ல 0 போட்டா −8, தப்பான (எக்ஸ் − 2)(எக்ஸ்² + 4எக்ஸ் + 4)-ல 0 போட்டாலும் (−2)(4) = −8. சமம், டிக். ஒருத்தன் 2 போட்டான், ரெண்டு பக்கமும் 0, அதுவும் டிக். தப்பு விடைய வச்சுக்கிட்டு "செக் பண்ணிட்டேண்ணே"ன்னு நிக்கிறாங்க.

யோசிச்சா காரணம் தெளிவு. பூஜ்ஜியம் போட்டா நடு உறுப்பு மொத்தமா காணாமப் போயிரும், நம்ம சந்தேகமே அந்த நடு உறுப்பு மேலதான். 2 போட்டா முதல் காரணி பூஜ்ஜியமாகி மத்ததை மறைச்சிரும். அதனால 3 இல்லாட்டி 10 போடுங்கன்னு மாத்துனேன். 10 போட்டா 1000 − 8 = 992, சரியான விடைல 8 × 124 = 992, தப்பு விடைல 8 × 144 = 1152, உடனே மாட்டிக்கிரும். பத்து போடுறது பசங்களுக்கு பிடிச்சுப் போச்சு, பெருக்க சுலபம்.

இதுலருந்தே இன்னொண்ணு கிளைச்சுது. 1001-ஐ காரணிப்படுத்தச் சொன்னேன், 10³ + 1³, அதனால 11 × 91, அப்புறம் 7 × 11 × 13. அடுத்து 1729, ராமானுஜன் ஆஸ்பத்திரில இருந்தப்ப அவரைப் பார்க்க இங்கிலாந்து கணித அறிஞர் ஹார்டி வந்த டாக்சி நம்பர். 12³ + 1³-னு பார்த்தா 13 × 133, 10³ + 9³-னு பார்த்தா 19 × 91. ரெண்டையும் இன்னும் உடைச்சா ஒரே 7 × 13 × 19. ரெண்டு வழில போயி ஒரே இடத்துக்கு வந்ததைப் பார்த்து மாடில கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

கனமூலத் தப்புக்கு வேற மருந்து இல்ல, 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000 தினமும் வாய்ப்பாடு மாதிரி சொல்ல வச்சேன். 64 மட்டும் தனியா கவனிக்கச் சொன்னேன், அது எட்டோட வர்க்கமும் நாலோட கனமும், அதான் ஏமாத்துது.

பையன் வராத ஒன்பது நாள்

ஆகஸ்ட்ல பிள்ளையார் சதுர்த்தி ஆர்டர், கூடவே கொலு பொம்மை வேலை, ராத்திரி வரைக்கும் பெயிண்ட் அடிக்கணும், ஒன்பது நாள் வரல. நான் கூப்பிட்டு வற்புறுத்தல, அந்த சீசன்ல சம்பாதிக்கிறதுதான் அவங்களுக்கு வருசத்துக்கே.

திரும்பி வந்தப்ப ஃபார்முலா மறந்திருந்துச்சு. பயந்துட்டேன். ஸ்கூல்ல அப்ப தொகுமுறை வகுத்தல் போய்க்கிட்டிருந்துச்சு, அவன் நோட்டை எடுத்து எக்ஸ்³ − 8-ஐ 2 போட்டு வகுக்க ஆரம்பிச்சான், 1, −8ன்னு ரெண்டு கெழுவை மட்டும் எழுதி சிக்கிக்கிட்டான். "எக்ஸ்² எங்கடா, எக்ஸ் எங்க?"ன்னேன், ரெண்டு பூஜ்ஜியத்தை சொருகுனான். 1, 0, 0, −8. கீழ 1, 2, 4, அதாவது எக்ஸ்² + 2எக்ஸ் + 4, மீதி 0. அந்த 1, 2, 4-ஐ பார்த்துட்டு, "மண்ணுக் கட்டிதாண்ணே இது"ன்னான்.

அப்புறம் நான் சொல்லாமலே எக்ஸ்³ + 8 எழுதி −2 போட்டான். 1, −2, 4, மீதி 0. "அப்ப கூட்டலுக்கு தனி ஃபார்முலாவே வேணாமேண்ணே, பிக்கு பதிலா மைனஸ் பி போட்டா முடிஞ்சுது." நான் மண்ணுல அரை மணி நேரம் போராடுனதை அவன் ஒரு வரில முடிச்சுட்டான்.

பக்கத்துல உக்காந்திருந்த புள்ள உடனே கேட்டுச்சு, "அப்ப எக்ஸ்² + 4 மட்டும் ஏண்ணே உடைய மாட்டேங்குது?" ரொம்ப நல்ல கேள்வி. என்ன எண்ணைப் போட்டாலும் வர்க்கம் மைனஸ் ஆகாது, −2 போட்டா 4 + 4 = 8, பூஜ்ஜியத்துக்கு வராது. கனம் அப்படி இல்ல, −2-ஓட கனம் −8, அது எதிர்ல இருக்குற 8-ஐ அடிச்சிரும். பூஜ்ஜியம் ஆக்குற எண் கிடைச்சாத்தான் (எக்ஸ் − 2) மாதிரி ஒருபடிக் காரணி கிடைக்கும், காரணித் தேற்றம் சொல்றது இதேதான்.

அதுக்கப்புறம் நடந்தது

காலாண்டுக்கு முந்தின ஞாயிறு அதே மாதிரி எட்டு கணக்கு, எண்களை மட்டும் மாத்தி. பத்துப் பேர் எழுதுனாங்க. நடுவுல ரெண்டு மடங்கு போட்டது ஒரே ஒரு பேப்பர். பையனுக்கு எட்டுல ஆறு. விட்டது 3எக்ஸ்³ − 81-ம் எக்ஸ்⁶ − 64-ம். முதல் கணக்குல 3-ஐ வெளிய எடுக்கல, நாலு பேர் அதையே விட்டாங்க, பொதுக் காரணியை நான் ஒழுங்கா உக்காந்து நடத்தவே இல்லங்கிறதுதான் அதுக்கு காரணம்.

எக்ஸ்⁶ − 64-ஐ ஒரு புள்ள மட்டும் முழுசா போட்டுச்சு. வர்க்க வித்தியாசமா எடுத்து (எக்ஸ்³ − 8)(எக்ஸ்³ + 8), அப்புறம் நாலு காரணி. கன வித்தியாசமா முதல்ல எடுத்தா (எக்ஸ்² − 4)(எக்ஸ்⁴ + 4எக்ஸ்² + 16)-ல வந்து பலர் நின்னுட்டாங்க, அந்தப் பெரிய அடைப்பு இன்னும் உடையும்னு பார்த்தா தெரியாது, (எக்ஸ்² + 4)² − (2எக்ஸ்)²னு மாத்தி எழுதினாத்தான் தெரியும். இந்தப் புள்ள முதல் டெஸ்ட்லயே ஏழு வாங்குனது, மண்ணு வாரம் பூரா அதுக்கு எதுவும் புதுசா கிடைக்கல, ஓரமா உக்காந்திருந்துச்சு. அது என் மேல இருக்குற குறை.

ஒரு பையனுக்கு எதுவுமே மாறல. அவனுக்கு சிக்கல் கனத்துல இல்ல, மைனஸும் மைனஸும் பெருக்குறதுலயே தடுமாறுறான், அதை ரெண்டாவது டெஸ்ட்லதான் கண்டுபிடிச்சேன்.

இந்த வருசம் நம்ம பையன் பத்தாவது. போன மாசம் விகிதமுறு கோவைல எக்ஸ்³/(எக்ஸ் − ஒய்) + ஒய்³/(ஒய் − எக்ஸ்) வந்துச்சு. ரெண்டாவது பகுதியோட குறியை மாத்தி, மேல எக்ஸ்³ − ஒய்³, கீழ எக்ஸ் − ஒய், அடிச்சு எக்ஸ்² + எக்ஸ்ஒய் + ஒய்²னு எழுதி நோட்டை என் பக்கம் தள்ளுனான். நடுவுல ரெண்டு இல்ல.

இந்த வருசம் என்ன மாத்தியிருக்கேன்

'சேம், ஆப்போசிட்' இப்பவும் சொல்லிக் குடுக்குறேன், ஆனா கடைசி நாள்ல, எல்லாரும் ஒரு தடவை விரிச்சு, ஒரு தடவை வகுத்துப் பார்த்ததுக்கு அப்புறம். மண்ணு ஒரே ஒரு சாயங்காலம், வித்தியாசத்துக்கு மட்டும், கூட்டலுக்கு −பி போடுறதே போதும். அந்த நேரத்துல முன்னாடியே தெரிஞ்ச பசங்களுக்கு எக்ஸ்⁶ − 64 மாதிரி கணக்கு தனியா. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே குறிப் பெருக்கல்ல பத்து கணக்கு, அதுல தடுமாறுறவங்களோட முதல்ல அதுக்குத்தான் உக்காருவேன். எந்தக் கணக்கானாலும் முதல் வரி 'பொதுவா ஏதாவது இருக்கா'ன்னு எழுதணும், இல்லன்னா 'இல்ல'ன்னு எழுதணும். அந்த வரி எழுத மறந்தா கீழ விடை சரியா இருந்தாலும் திரும்பக் குடுத்துருவேன், அதுக்கு பசங்க முனங்குறாங்க, பரவால்ல. பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னாடியே இந்தப் பகுதியை முடிச்சுரணும்னு தேதியும் குறிச்சு வச்சிருக்கேன், விளாச்சேரில இருந்து இந்த வருசம் மூணு பேர் வர்றாங்க.